வாழைத்தாருக்குப் பக்கத்தில் பூ வாளியை வைக்காதீர்கள்

போன வாரம் கோபியில் ஒரு கல்யாணம். மேடை அலங்காரத்துக்கு என்னோடு இரண்டு புதுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். வாளியைத் தேய்த்துக் கழுவினார்கள், தண்ணீரில் அமிழும் இலைகளை உருவினார்கள், தண்டைச் சாய்வாக வெட்டினார்கள். எல்லாம் சரி. அப்புறம் கார்னேஷன் பூ வாளிகளைக் கொண்டுபோய், வாழைத்தார் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கேட்டால், "அங்கதானுங்கக்கா குளுகுளுன்னு இருக்குது" என்கிறார்கள். என் முதல் ஆர்டரில் நான் செய்த அதே தப்பு.

இலை உருவுவது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்யும் தப்புகளைச் சொல்கிறேன்.

பழமும் பூவும் ஒரே அறையில்

அந்த முதல் ஆர்டர் ஈரோட்டுப் பக்கம் ஒரு வரவேற்பு. நீலகிரியிலிருந்து பத்துக் கட்டு கார்னேஷன் வந்திறங்கியது, பாதி விரிந்த நல்ல பூ. இரவு அதை மண்டபத்து அறையில் வைத்தேன். பழுத்த பூவன் தார்களும் சீர்த்தட்டு மாம்பழங்களும் அங்கேதான் இருந்தன. காலையில் பார்த்தால் இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன. தண்டு விறைப்பாக இருக்கிறது, வாளியில் தண்ணீரும் இருக்கிறது. பழைய சரக்கை ஏமாற்றி அனுப்பிவிட்டார் என்று வியாபாரியிடம் போனில் கத்தினேன். தண்டை மறுபடி வெட்டினேன், ஐஸ் தண்ணீரில் வைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. சுருண்ட கார்னேஷன் மறுபடி விரியாது. சந்தைக்கு ஓடிச் செவ்வந்தி வாங்கி மேடையை நிரப்பினேன். கூலியெல்லாம் அதற்கே போயிற்று. காரணம் தெரிந்த பிறகு அந்த வியாபாரியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. நம் தோட்டங்களில் வாழைத்தாரை மூடி வைத்துப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பார்களே, அந்தப் புகையிலும் இதே வாயுதான் வேலை செய்கிறது. காயைப் பழுக்க வைப்பது பூவை முதுமையாக்கிவிடும். அந்தக் காலத்தில் விளக்கு எரித்த வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர வைக்கிறது என்று ரஷ்யாவில் நெல்யூபொவ் 1901இல் கண்டுபிடித்தார். பழமே இதை உண்டாக்குகிறது என்பதை இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் 1934இல் நிரூபித்தார். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கார்னேஷனுக்குப் போதும். அந்த அளவில் நம் மூக்குக்கு ஒன்றும் தெரியாது.

கார்னேஷன் வாடத் தொடங்கினால் தானும் எத்திலீனை விடும். அதனால் சாடியில் ஒரு பூ சுருண்டதும் அதை உருவி எறியுங்கள். ஆர்க்கிட் பூவும் இப்படித்தான் கெடும். செவ்வந்தியும் ஜெர்பராவும் இதற்கு அவ்வளவாக அசையாது. அன்றைக்குச் செவ்வந்தி என்னைக் காப்பாற்றியதும் அதனால்தான். கார்னேஷன் வாங்கும்போது வெள்ளி தயோசல்பேட் மருந்தில் வைத்து எடுத்ததா என்று கேளுங்கள். எத்திலீன் வேலையை அது தடுக்கும்.

வீட்டில் சாப்பாட்டு மேசைப் பழக்கூடை, ஆப்பிள் வைத்த ஃபிரிட்ஜ், சாம்பிராணிப் புகை மூன்றும் ஆகாது. மண்டபத்தில் ஜெனரேட்டர் புகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மட்டும் போடுவது

சர்க்கரை பூவுக்கு உணவு, கிருமிக்கும் உணவு. கிருமி பெருகினால் தண்டின் குழாய் அடைத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, சில சொட்டு பிளீச்சிங் திரவம். மூன்றும் சேர்ந்தால்தான் பலன்.

உப்புத் தண்ணீர்

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் இருக்கிறது, மற்றவர்கள் மழைநீர் பிடித்து வையுங்கள். உப்புப் போட்டுக் கடினத்தன்மை நீக்கும் இயந்திரத்துத் தண்ணீர் இன்னும் மோசம், அதில் சோடியம் ஏறியிருக்கும்.

ஜெர்பராவைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்துவது

தண்டு அழுகும். நாலு விரல் உயரம் போதும்.

தண்டின் அடியை நசுக்குவது

கூடாது.

தலை சாய்ந்த ரோஜாவைத் தூக்கி எறிவது

பெரும்பாலும் தண்டுக்குள் காற்று புகுந்திருக்கும், அவ்வளவுதான். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஒரு அங்குலம் வெட்டுங்கள். பூவோடு சேர்த்துத் தொட்டியில் ஒரு மணி நேரம் படுக்கப் போடுங்கள். கோபியில் அந்தப் பிள்ளைகள் குப்பைக்கு ஒதுக்கிய ரோஜாக்களை இப்படித்தான் நிமிர்த்தி, முகூர்த்தத்துக்கு முன்னால் மேடையில் வைத்தோம்.