மானா சிக்கிய டெக்கைச் சரிசெய்த விதம்

மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டுக்கு நான் கட்டிய சிவப்பு-பச்சை டெக் (கார்டுக் கட்டு). கை நிறைய நல்ல கார்டு, ஆனால் அவற்றை இறக்கக் கொடுக்க வேண்டிய சக்தியான மானா இல்லை. காரணம், 60 கார்டில் மானா தரும் லேண்ட் கார்டு வெறும் 20. முதல் 7 கார்டில் ஒரு லேண்டோ, அதுகூட இல்லாமலோ வர 100-க்கு 25 தடவை வாய்ப்பு. 24 வைத்தால் அது 14 ஆகிறது. 5, 6 மானா கேட்கும் கார்டுகளில் நாலை உருவி, அந்த இடத்தில் நாலு லேண்ட் சேர்த்தேன். டிராகனை எடுத்துவைக்க யாருக்கு மனசு வரும்? ஆனாலும் எடுக்கணும்.

அடுத்தது நிறம். கார்டுகளின் விலையில் உள்ள மானா குறிகளை எண்ணினால் சிவப்பு 36, பச்சை 24. அந்தக் கணக்கில் சிவப்பு மானா தரும் லேண்டான மவுண்டன் 14, பச்சை தரும் ஃபாரஸ்ட் 10. ஆனால் ஒரே பச்சை மானாவில் இறங்கி, தானும் மானா தரும் லேனோவர் எல்வ்ஸ் கார்டு முதல் டர்னிலேயே இறங்கினால்தான் பயன்; அதற்குப் பச்சை உடனே வேண்டும். அதனால் 13, 11.

சென்னைக்கென்றே ஒரு தொல்லை: ஃபாயில் கார்டு, அதாவது பளபளப்புப் படலம் ஒட்டியது, அப்பளமாக வளையும். காகிதம் ஈரத்தை இழுக்கும், மேல் படலம் இழுக்காது. பிளாஸ்டிக் உறையான ஸ்லீவ் போட்டாலும் குலுக்கும்போது விரலுக்குத் தெரியும். போட்டியில் அடையாளமிட்ட கார்டு (முகம் பார்க்காமலே இன்னதென்று தெரிவது) என்று தண்டனை வரலாம். நாலு ஃபாயிலுக்கும் பதில் சாதா அச்சு வைத்தேன். டெக் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.