ஆண்டு எண்ணைப் பார்த்து ஓவியத்துக்குச் சட்டம் போடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு பியோனி மலர் ஓவியம் இருந்தது. ஷுவான் என்னும் மெல்லிய சீனத் தாளில் சீன மையால் தீட்டியது. ஒன்பது பூக்கள். ஒன்பது நிலைத்திருக்கும் எண், அந்த ஆண்டுக்கு அதுவே ஏற்றது, அதன் நிறம் சிவப்பு என்று யாரோ சொல்லக் கேட்டு, ஓவியத்தை அட்டையில் ஒட்டி, சுற்றிலும் சிவப்பு மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடியைத் தாளோடு சேர்த்து அழுத்திச் சட்டம் போட்டு வாங்கி வந்தேன். சில ஆண்டுகளில் பூக்களின் ஓரமெல்லாம் தாள் பழுப்பேறியது. ஓவியரின் முத்திரையிலிருந்த செந்நிற மை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கப் போனபோது தாளும் கிழிந்தது. எந்த ஆண்டுக்காக அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தேனோ, அந்த ஆண்டு முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். சீன எண் மரபில் ஓர் ஆண்டுக்கு உரியதாகச் சொல்லும் ஆண்டு எண்ணின் ஆயுள் பன்னிரண்டு மாதம். நன்றாகப் போட்ட சட்டம் இருபது, முப்பது ஆண்டுகள் நிற்கும். எண்ணில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை எந்தச் சுவர், எத்தனை படம், எப்போது ஆணி அடிப்பது போன்றவற்றில் காட்டலாம். பின்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவை அவை. தாளைத் தொடும் பசையையும் அட்டையையும் கண்ணாடியையும் முடிவு செய்வதில் ஆண்டு எண்ணுக்கு வேலை இல்லை.

எண்ணையே தவறாகப் பிடிப்பது

சீன எண் மரபு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் குறைந்தது இரண்டு தனி வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று ஒலியை வைத்து வருவது. நான்கின் உச்சரிப்பு சாவு என்ற சொல்லை ஒத்திருக்கிறது. எட்டின் ஒலி செழிப்பைக் குறிக்கும் சொல்லுக்கு அருகில் வருகிறது. ஒன்பதும் ‘நெடுங்காலம்’ என்ற சொல்லும் ஒரே ஒலி. பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ் 2008 ஆகஸ்ட் 8 அன்று இரவு 8 மணிக்குத் தொடங்கியதும், ஹாங்காங்கின் பல கட்டடங்களில் 4, 14, 24 ஆகிய மாடிகளின் எண்கள் விடுபட்டிருப்பதும் இந்த ஒலி வழக்கத்தால்தான்.

மற்றொன்று, வீட்டின் திசையும் அமைப்பும் பார்க்கும் சீன முறையான ஃபெங் சுய் பார்ப்பவர்கள் சொல்லும் ‘பறக்கும் நட்சத்திரங்கள்’. இது லோ ஷூ எனப்படும் ஒன்பது கட்ட எண் சதுரத்திலிருந்து வருவது. மேல் வரிசையில் 4, 9, 2. நடுவில் 3, 5, 7. கீழே 8, 1, 6. எந்தப் பக்கம் கூட்டினாலும் 15. இந்த எண்கள் ஒவ்வோர் ஆண்டும் இடம் மாறுவதாகக் கணக்கு. இங்கே நான்கு கெட்ட எண்ணே இல்லை. படிப்புக்கும் எழுத்துக்கும் உரிய எண் அதுதான். 2026-இல் அது வடகிழக்கில் நிற்கிறது. ஒலி வழக்கத்தில் கேட்ட பயத்தை இங்கே கொண்டுவந்து, வடகிழக்கு அறையிலிருந்த படங்களை எல்லாம் கழற்றி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் ஆண்டில் சதுரத்தின் நடுவில் நிற்கும் எண்ணை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆண்டின் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டி, 11-இலிருந்து கழிக்க வேண்டும். 2025-க்குக் கூட்டுத்தொகை 9; கழித்தால் 2. 2026-க்குக் கூட்டினால் 10, அதாவது 1. கழித்தால் 10, மறுபடி 1. எனவே 2026-இல் நடுவில் 1 அமர்கிறது. மற்றவை வடமேற்கு 2, மேற்கு 3, வடகிழக்கு 4, தெற்கு 5, வடக்கு 6, தென்மேற்கு 7, கிழக்கு 8, தென்கிழக்கு 9 என்று வரிசையாகப் போகின்றன.

இந்தக் கணக்கை வீட்டில் பொருத்தும்போது அடிக்கடி நடக்கும் பிழை, சதுரத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. பழைய சீன வழக்கில் தெற்குதான் மேலே. லோ ஷூவின் மேல் வரிசை நடுவிலிருக்கும் 9 தெற்குக்குரியது. நம் வரைபடப் பழக்கத்தில் வடக்கை மேலே வைத்துப் பார்த்தால் வீட்டின் எல்லா மூலையும் எதிர்ப்பக்கம் போய்விடும்.

தேதியிலும் தடுக்கி விழுகிறார்கள். இந்த எண்கள் ஜனவரி 1-இல் மாறுவதில்லை. 2026-இல் பிப்ரவரி 17 அன்று வந்த சீனப் புத்தாண்டிலும் மாறவில்லை. ‘லி சுன்’ எனப்படும் வசந்தத் தொடக்க நாளில், பிப்ரவரி 4-ஐ ஒட்டி, மாறுகின்றன. பிறந்த ஆண்டை வைத்துப் பார்க்கும் குவா எண்ணுக்கும் இதே விதிதான். 1985 ஜனவரியில் பிறந்த ஆண் 1984-ஐச் சேர்ந்தவர். அவருக்குக் குவா எண் 7; ஆண்டைத் திருத்தாமல் கணக்கிட்டால் 6 என்று வரும். ஆங்கில எழுத்துகளுக்கு எண் கொடுத்துப் பெயரைக் கூட்டும் எண் கணிதம் முற்றிலும் வேறு மரபு. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு லோ ஷூ கட்டத்தில் திசை தேடக் கூடாது.

திசை என்பது சுவரைக் குறிப்பதில்லை, வீட்டின் ஒரு பகுதியைக் குறிக்கிறது. வீட்டின் நடுவில் நின்று திசைகாட்டியால் பார்த்து, கிழக்குப் பகுதி எது என்று வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிக்குள் எந்தச் சுவரில் மாட்டினாலும் அது கிழக்குதான். கைபேசியில் பார்ப்பதானால் காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிடுங்கள். இரும்புக் கதவுக்கும் பீரோவுக்கும் தள்ளி நில்லுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம். கிழக்கு நல்லது என்று கேட்டதும் காலை வெயில் நேராக விழும் சுவரில் நீர்வண்ண ஓவியத்தை மாட்டிவிடுகிறார்கள். அருங்காட்சியகங்கள் தாள் ஓவியங்களுக்கு வழக்கமாக அனுமதிப்பது 50 லக்ஸ் அளவு வெளிச்சம். நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெளுத்த நிறம் திரும்பாது. அதே பகுதியில் ஜன்னல் இருக்கும் சுவரையே தேர்ந்தெடுத்தால் வெயில் படத்தின் மேல் நேராக விழாது, நம்பிக்கையும் கெடாது.

தெற்கில் டிரில் செய்வது

2026-இல் தெற்கில் நிற்பது 5. ஃபெங் சுய் பார்ப்பவர்கள் மிகவும் தவிர்க்கச் சொல்வது இந்த எண்ணைத்தான். இது குதிரை ஆண்டு என்பதால் ‘தாய் சுய்’ எனப்படும் ஆண்டுத் தலைவரின் இருப்பிடமும் தெற்கே. ஆனால் மரபு தடுப்பது அங்கே படம் இருப்பதை அல்ல. சுவரை உடைப்பதையும் துளைப்பதையும் இடிப்பதையும்தான். ஏற்கெனவே இருக்கும் ஆணியில் படத்தை மாற்றி மாட்டுவதில் தடை இல்லை. இது தெரியாமல் நல்ல உயரத்தில், நல்ல நிழலில் தொங்கும் ஓவியத்தை இறக்கிவிட்டு ஈரம் கசியும் குளியலறைச் சுவருக்குக் கொண்டுபோவது வீண் நஷ்டம்.

கூடவே, குதிரை ஆண்டு நெருப்பு ஆண்டு, ஆகவே எங்கும் சிவப்புச் சட்டம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. சீன ஐம்பூதச் சுழற்சியின்படி நெருப்பு மண்ணை வளர்க்கும். 5 மண்ணுக்குரிய எண். அந்த மரபையே கேட்டால், தெற்கில் சிவப்பு வைக்காதே, உலோகம் வை என்றுதான் சொல்லும். நம்பிக்கை இருந்தால் அங்கே உலோகக் கிண்ணம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். சட்டத்தின் நிறத்தை ஓவியத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்கு படங்களுக்குப் பயப்படுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. பிளம், ஆர்க்கிட், மூங்கில், செவ்வந்தி என்று நான்கு ஓவியங்கள் தொகுப்பாக வாங்குகிறார்கள். நான்கு ஆகாது என்று யாராவது சொன்னதும் ஒன்றைப் பரணில் போட்டுவிட்டு மூன்றை மாட்டுகிறார்கள். சீன ஓவிய மரபில் இந்த நான்கு செடிகளுக்கும் ‘நான்கு சான்றோர்’ என்றே பெயர். நான்கு பருவங்களை நான்கு நீள் ஓவியங்களாகத் தீட்டி அருகருகே தொங்கவிடுவது பல நூற்றாண்டுப் பழக்கம். சீனர்களே நான்காகத் தீட்டி நான்காக மாட்டியதை நாம் பயந்து பிரிக்க வேண்டியதில்லை.

எண்ணுக்காக வெட்டுவதும் இதே வகைதான். மீன் என்ற சொல்லும் மிச்சம் என்ற சொல்லும் சீனத்தில் ஒரே ஒலி. அதனால் ஒன்பது மீன் படம் விரும்பப்படுகிறது. பத்து மீன் இருக்கும் படத்தில் ஒன்றை மவுண்டுக்கு அடியில் மறைப்பது ஓவியரின் அமைப்பைக் கெடுப்பது. சென் ரோங் 1244-இல் தீட்டிய ஒன்பது டிராகன்கள் சுருள் இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 11 மீட்டர். அதன் அச்சுப் படியைச் சட்டத்தின் நீளத்துக்கு வெட்டினால் ஒன்பது என்ற எண்ணும் போகும், சுருள் விரிய விரிய மேகத்திலிருந்து டிராகன்கள் ஒவ்வொன்றாக வெளிவரும் அழகும் போகும்.

இரண்டு வரிகளை இரண்டு தனிப் படங்களாக எழுதும் எழுத்தோவிய இணைகளை வலம் இடம் மாற்றி மாட்டுவதும் உண்டு. இவை வலமிருந்து இடமாகப் படிக்கப்படுபவை. நாம் எதிரே நின்று பார்க்கும்போது முதல் வரி வலப்பக்கம் வர வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் கையொப்பத்தையும் முத்திரையையும் தேடுங்கள். அவை பெரும்பாலும் இரண்டாவது வரியின் இடது ஓரத்தில் இருக்கும். அந்தப் படம் இடப்பக்கம் போக வேண்டும். சட்டம் போடும்போது மவுண்ட் அந்த முத்திரையை மூடிவிடாமல் நின்று பார்த்து வாங்குங்கள்.

தாளைக் கெடுக்கும் வேலைகள்

இனி சொல்பவற்றுக்கு எந்த ஆண்டும் விலக்கில்லை.

கண்ணாடி ஓவியத்தைத் தொடக் கூடாது. குளிரும் வெப்பமும் மாறும்போது கண்ணாடியின் உட்புறம் ஈரம் கோக்கும். தாள் அதை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும். புகைப்படமாக இருந்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சீன முத்திரை மை எண்ணெயில் குழைத்தது என்பதால் அது இன்னும் எளிதாகக் கண்ணாடிக்கு மாறும். மவுண்ட் அட்டை அழகுக்காக மட்டும் வைப்பதல்ல. அதன் ஒன்றரை மி.மீ. கனம்தான் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்றுக்கு இடம் தருகிறது. மவுண்ட் வேண்டாம் என்பவர்கள் ஓரத்தில் மெல்லிய தடுப்புப் பட்டையாவது வைக்கச் சொல்ல வேண்டும்.

அந்த அட்டையும் அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். மலிவான மரக்கூழ் அட்டையில் லிக்னின் என்னும் மரப்பொருள் இருக்கும். நாளாக ஆக அமிலத்தைக் கசியவிடும். மவுண்டின் உள் ஓரத்துச் சரிவு வெட்டு வெள்ளையிலிருந்து பழுப்பாக மாறியிருந்தால், அதே பழுப்பு ஓவியத்தின் மேலும் ஏறத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். பருத்தி இழை அட்டை கிடைத்தால் அதையே கேளுங்கள். பின்பலகையும் அப்படியே. முன்னால் நல்ல அட்டை வைத்துவிட்டுப் பின்னால் ஹார்ட்போர்டை நேராகத் தாளோடு சேர்த்து வைத்தால் பயன் இல்லை.

செலோடேப் வேண்டவே வேண்டாம். அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஜப்பானிய வாஷி தாளில் சிறு கீல்கள் செய்து, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டித் தொங்கவிடுவதே முறை. ஈரத்துக்குத் தாள் விரியும், வறட்சிக்குச் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் நடுவில் அலை அலையாகப் பொங்கும். ஷுவான் தாளில் வரும் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுச் சூட்டில் அழுத்தி ஒட்டும் முறைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அதைப் பின்னால் பிரிக்கவே முடியாது. சீனத்தில் பின்னால் இன்னொரு தாள் வைத்து ஸ்டார்ச் பசையால் ஈரமாக ஒட்டி விரிக்கும் வேலை இருக்கிறது. தேவைப்பட்டால் பின்னொரு நாளில் நீர் தெளித்துப் பிரிக்கலாம். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பிறகு சட்டம் போடுங்கள்.

புத்தாண்டுக்குள் மாட்டியாக வேண்டும் என்று அவசரப்படுத்துவதால் பாழாவது எண்ணெய் ஓவியம். தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே உலராது. பொதுவாக வார்னிஷ் பூசவே ஆறு மாதம் முதல் ஓராண்டு காத்திருப்பார்கள். அதைக் கண்ணாடிக்குள் அடைக்க வேண்டியதும் இல்லை. பாஸ்டல், கரி ஓவியங்களுக்கு அக்ரிலிக் தகடு ஆகாது. அதன் நிலைமின் ஈர்ப்பு தூளை இழுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு எடை குறைந்த, உடையாத அக்ரிலிக் நல்லதுதான். அம்மோனியா கலந்த திரவத்தால் மட்டும் துடைக்காதீர்கள். எதனால் துடைத்தாலும் துணியில் தெளித்துத்தான் துடைக்க வேண்டும்.

அளவும் உயரமும்

சிலர் லூ பான் அளவுகோலைப் பார்த்துச் சட்டத்தின் அளவை முடிவு செய்கிறார்கள். பழங்காலத் தச்சர் லூ பானின் பெயரால் வழங்கும் அந்தக் கோல் சுமார் 43 செ.மீ.; எட்டுப் பகுதிகள்; நல்லவை சிவப்பிலும் ஆகாதவை கறுப்பிலும் குறித்த டேப்புகள் உண்டு. பிடித்த அளவு வர வேண்டுமென்று ஓவியத்தின் ஓரத்தை வெட்டாதீர்கள். மவுண்டின் அகலத்தை ஒன்றிரண்டு செ.மீ. கூட்டினாலே வேண்டிய அளவு வந்துவிடும். அகலமான மவுண்ட் ஓவியத்துக்கு மூச்சுவிட இடமும் தரும்.

உயரத்துக்கு ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. முதல் 150 செ.மீ.க்குள் இருந்தால் போதும். சோபாவுக்கு மேல் என்றால் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி. பெரிய படத்துக்கு ஒரே ஆணியை நம்பாமல் இரண்டு கொக்கி போடுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் பொட்டுகள் ஒட்டினால் பின்னால் காற்று போகும்.

2027 பிப்ரவரி 4-ஐ ஒட்டி 5 தெற்கைவிட்டு வடக்குக்குப் போகிறது. அங்கே புதிதாகத் துளையிட வேண்டிய வேலை இருக்குமென்றால் அதற்குள் முடித்து, கொக்கிகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த ஆண்டிலும் கொக்கியிலிருந்து கொக்கிக்கு மாற்றினால் போதும். சட்டத்தைப் பிரிக்க வேண்டி வராது.