பழைய ஆங்கில ஆவணத்தில் ‘டேங்க்’ என்று இருந்தால் குளம்தானா பாருங்கள்

பழைய நிலப் பத்திரமோ பாசனக் குறிப்போ ஆங்கிலத்தில் இருந்து அதை மொபைலில் மொழிபெயர்க்கிறீர்கள் என்றால், ‘தொட்டி’ என்று வருகிற இடத்திலெல்லாம் மூலத்தில் ‘டேங்க்’ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பெரும்பாலும் அது குளம் அல்லது ஏரி. இங்கே வந்த ஐரோப்பியர்கள் நம் நீர்நிலைகளை அப்படித்தான் எழுதினார்கள். கும்பகோணம் மகாமகக் குளமும் திருவாரூர் கமலாலயமும் ஆங்கிலத்தில் இன்றும் டேங்க்தான். குஜராத்திச் சொல்லும் போர்த்துகீசியச் சொல்லும் இந்த ‘டேங்க்’ என்ற சொல்லுக்கு வேர்களாகச் சொல்லப்படுகின்றன. ராணுவ டாங்கி ரொம்பப் பிந்தியது, 1915-இல் பிரிட்டனில் ரகசியம் காக்க வைத்த பெயர். ‘டேங்க்’ என்பதற்கு முன்னால் ‘ஓவர்ஹெட்’, ‘செப்டிக்’ என்று ஒட்டியிருந்தால் தொட்டியேதான். எல்லைத் தகராறு என்றால் மட்டும் இது போதாது, சர்வே எண்ணை வைத்துக் கிராம வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.