புது நாவலை அறிமுகப்படுத்தும்போது உங்கள் ஆதர்சங்களைப் பற்றி எழுதுவது எப்படி?

காதல் நாவலோ, பதின்ம வயதினருக்கான நாவலோ எழுதி முடித்து, அது அச்சுக்கோ அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலுக்கோ போகும் தறுவாயில் எழுத்தாளரிடம் இன்னும் இரண்டு பக்கம் கேட்கப்படுகிறது. நூலைப் பற்றி ஒரு பக்கம்; அவரைப் பாதித்த எழுத்துகளைப் பற்றி ஒரு பக்கம். என்னுரையாகவோ, தொடர்கதையின் முதல் அத்தியாயத்துக்கு முந்தைய அறிவிப்பாகவோ, சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி மேடையில் பேசும் ஐந்து நிமிடமாகவோ அது அமையலாம். நானூறு பக்கக் கதையைத் தங்குதடையின்றி எழுதியவர்கள்கூட இந்த இரண்டு பக்கத்தில் தடுமாறுவதற்கு முக்கியக் காரணம், இரண்டையும் தனித்தனி வேலை என்று எண்ணிக்கொள்வதுதான். யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம், அதை என்ன செய்தோம் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டால், புது நாவல் எப்படிப்பட்டது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் பெயர்ப்பட்டியலைக் கைவிட வேண்டும். “கல்கி முதல் இன்று எழுதுகிறவர்கள் வரை எல்லோருமே என்னைப் பாதித்தவர்கள்” என்ற வாக்கியம் யாரையும் புண்படுத்தாது. யாருக்கும் எதையும் தெரிவிப்பதும் இல்லை. “ரமணிசந்திரன் நாவல்களைப் படித்து வளர்ந்தேன்” என்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ஒருவரைப் படித்து வளர்ந்தவர்கள்தான் உங்கள் வாசகர்களில் பெரும்பகுதியினரும். அவர்களுக்குத் தெரிய வேண்டியது, நீங்கள் படித்தீர்கள் என்பதை அல்ல. படித்ததில் எது உங்கள் கையெழுத்துப் பிரதிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை.

கையெழுத்துப் பிரதியிலிருந்து தொடங்குங்கள்

ஆதர்சங்களை நினைவிலிருந்து எழுதினால், நாம் யாரைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறோமோ அவர்களின் பெயர்தான் முதலில் வரும். ஆகவே முடிந்த நாவலை அச்செடுத்து, பென்சிலுடன் உட்கார்ந்து, ஒவ்வோர் அத்தியாயத்தின் ஓரத்திலும் “இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?” என்று குறித்துக்கொண்டு போகலாம். அத்தியாயம் முடியும் இடத்தில் தவறாமல் கைப்பேசி ஒலிக்கிறதா? வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் “தொடரும்” அங்கே இருக்கிறது. நாயகன் அறிமுகமாகும்போது முதலில் அவன் வண்டி, பிறகு காலணி, கடைசியில் முகம் என்று வருகிறதா? அது திரையரங்கிலிருந்து வந்தது. “என்றாள்”, “என்றான்” இல்லாமல் பக்கக்கணக்கில் உரையாடல் ஓடுகிறதா? வீட்டுக் கூடத்தில் இரவு முழுவதும் ஓடிய நெடுந்தொடராக இருக்கலாம். மாமியார் பாத்திரம் பேசும்போது மட்டும் தமிழ் சட்டென்று உயிர்பெறுகிறதென்றால், அதற்குக் காரணம் எந்தப் புத்தகமும் அல்ல, உங்கள் பாட்டியின் வாய்தான்.

இப்படிக் குறித்த பிறகு கிடைக்கும் பட்டியல் நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கௌரவக் குறைவாகத் தோன்றும். அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. 2008இல் தொடங்கிய ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவல் வரிசையைப் பற்றிப் பேசும்போது அதன் ஆசிரியர் சூசன் காலின்ஸ் சொல்லிவந்த இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் அரக்கனுக்குப் பலியாக அனுப்பிய கிரேக்கப் புராணக் கதை. மற்றொன்று, ஓர் இரவு தொலைக்காட்சியில் அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே போனபோது ரியாலிட்டி நிகழ்ச்சியும் போர்க் காட்சிகளும் தம் கண்ணுக்குள் ஒன்றோடொன்று கலந்துபோனது. புராணத்தை மட்டும் சொல்லியிருந்தால் அது கற்றவரின் பெருமிதமாக நின்றிருக்கும். தொலைக்காட்சியையும் சேர்த்துச் சொன்னதால், மாவட்டத்துக்கு இரண்டு பேராகப் பிள்ளைகளை அரங்கத்துக்குள் அனுப்பி நாடே வேடிக்கை பார்க்கும் கதை எங்கே பிறந்தது என்பது நூலைப் படிக்காதவருக்கும் புரிகிறது. இளையோர் நாவல் எழுதுகிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இரண்டே செய்திகள், இரண்டும் கதைக்குள் நேராகப் போய்ச் சேர்கின்றன.

எடுத்ததும் மாற்றியதும்

அடுத்த வேலைதான் முக்கியமானது. பட்டியலில் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றுக்கும் “இதை எடுத்துக்கொண்டேன், ஆனால் இங்கே மாற்றினேன்” என்ற வடிவில் எழுதிப் பாருங்கள். ஒரு கற்பனை நாவலை வைத்துக் காட்டுகிறேன். பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்:

“சிறு வயதிலிருந்தே எனக்கு வாசிப்பில் ஆர்வம் அதிகம். கையில் கிடைக்கும் நாவல்களையெல்லாம் படிப்பேன். அவற்றின் தாக்கத்தில் உருவானதே இந்த நாவல். காதல், பாசம், மோதல் எல்லாம் கலந்த இக்கதை உங்களுக்குப் பிடிக்கும் என நம்புகிறேன்.”

இதையே ஆசிரியர் பிரதியின் ஓரக்குறிப்புகளைப் பார்த்து எழுதினால்:

“பள்ளி விடுமுறைகளில் அத்தை வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக இருந்த மாத நாவல்களைத்தான் முதலில் படித்தேன். நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு, கடைசி இருபது பக்கத்தில் உண்மை தெரிந்து சேரும் அமைப்பை அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டேன். ஆனால் நான் படித்த கதைகளில் நாயகிக்குச் சம்பளம் எவ்வளவு என்று ஒருபோதும் தெரிந்ததில்லை. என் நாயகி சிவகாசியில் நாள்காட்டி அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளிவந்ததிலிருந்து மார்கழி வரை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காதலிக்க நேரம் கிடைப்பதே அவளுக்குச் சிக்கல்.”

இரண்டாவது குறிப்பில் நாவலின் களம், காலம், நாயகியின் தொழில், முடிவு சுபமானது என்ற உறுதி ஆகிய நான்கும் வந்துவிட்டன. ஆனால் எதுவும் விளம்பரமாக ஒலிக்கவில்லை. சுபமான முடிவு என்பதை முன்பே சொல்லிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். காதல் நாவலில் தாராளமாகச் சொல்லலாம். அந்த வகையின் வாசகர் எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்காகப் படிக்கிறாரே தவிர, சேர்வார்களா என்பதற்காக அல்ல. கவனிக்க வேண்டிய இன்னொன்று, அந்தக் குறிப்பில் ஒரு சண்டையும் இருக்கிறது. படித்ததில் நமக்குப் போதாமல் இருந்தது எது என்பதும் தாக்கம்தான். பல நல்ல நாவல்கள் அந்த மனக்குறையிலிருந்தே பிறந்திருக்கின்றன. ஆனால் குறையைச் சொல்லும்போது ஓர் எழுத்தாளரின் பெயரைச் சுட்டாமல், அந்த வகையின் பழக்கமாகச் சொல்வது நாகரிகம்.

சங்க இலக்கியத்தை ஆதர்சமாகச் சொல்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். குறுந்தொகையின் 40ஆவது பாடலான “யாயும் ஞாயும் யாரா கியரோ” அத்தனை திருமண அழைப்பிதழ்களில் ஏறிவிட்டது. அதை மேற்கோளாக வைப்பதால் மட்டும் உங்கள் நாவலுக்கும் அகப்பாடலுக்கும் உறவு ஏற்பட்டுவிடாது. உண்மையான உறவு இருந்தால் அது உத்தியில் தெரியும். காதலரின் சிக்கலைக் காதலர் வாயால் சொல்லாமல் தோழியின் கூற்றாகவே கதை முழுவதையும் நடத்தியிருக்கிறீர்களா? அகத்திணையில் எவர் பெயரையும் சுட்டக் கூடாது என்ற தொல்காப்பிய விதியைப் பின்பற்றி நாயகனுக்கும் நாயகிக்கும் பெயரே வைக்காமல் எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் அதைச் சொல்லுங்கள். வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

கதைக்குள்ளேயே நன்றி சொல்லும் வழி

ஆதர்சத்தை முன்னுரையில்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஜேன் ஆஸ்டினின் மறைவுக்குப் பிறகு 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், கதையை நிறுத்திவிட்டு, நாவல் என்ற வடிவத்தையே அவர் ஆதரித்து வாதாடுகிறார். ஃபேனி பர்னி எழுதிய இரு நாவல்களையும் மரியா எட்ஜ்வொர்த் எழுதிய ஒன்றையும் பெயர் சொல்லியே புகழ்கிறார். அந்நாவலின் நாயகியோ ஆன் ராட்க்ளிஃபின் திகில் நாவலைப் படித்துவிட்டு, தான் விருந்தாளியாகப் போன வீட்டிலெல்லாம் மர்மத்தைத் தேடுகிறாள். தம்மைப் பாதித்த வகையை ஒரே நூலில் வணங்கவும் கிண்டல் செய்யவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெஃபனி மேயரின் ‘எக்லிப்ஸ்’ 2007இல் வந்தது. அதன் நாயகி பெல்லா, எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைப் படித்துக்கொண்டே இருப்பாள். விளைவாக, 1847இல் வெளிவந்த அந்தப் பழைய நாவலை 2009இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் கறுப்பு அட்டையுடன், அது பெல்லாவுக்கும் அவள் காதலன் எட்வர்டுக்கும் பிடித்த நூல் என்ற அறிவிப்போடு மறுபதிப்புச் செய்தது. நீங்கள் சுட்டும் நூலை உங்கள் இளம் வாசகர் தேடிப்போய்ப் படிப்பார் என்பதை இது காட்டுகிறது. எனவே அந்த நூலை அண்மையில் ஒருமுறை மறுபடி படித்துவிட்டே பரிந்துரையுங்கள். பதினைந்து வயதில் நமக்கு வீரமாகத் தெரிந்த நாயகன், இன்று படிக்கும்போது பெண்ணின் சம்மதத்தைப் பொருட்படுத்தாத முரடனாகத் தெரியக்கூடும்.

சட்டம் குறுக்கே வரும் இடங்கள்

கருவை எடுத்துக்கொள்வதில் சட்டத் தடை இல்லை. கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, வெளிப்பாட்டு வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கியது. ஒப்பந்தக் கல்யாணமும் அத்தை மகனும் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. சிக்கல் வருவது மேற்கோளில். ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் ஒரு திரைப்பாடல் சரணத்தைப் பதிப்பது நம் காதல் நாவல்களில் பெருவழக்கு. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை நீடிக்கிறது. கண்ணதாசன் மறைந்தது 1981இல். ஆக அவர் வரிகள் 2041 முடியும் வரை உரிமை உள்ளவை. பாரதியின் பாடல்களை 1949இலேயே அரசு பெற்று, பின்னர் பொதுவாக்கிவிட்டது. பாரதிதாசன் படைப்புகளும் நாட்டுடைமையானவை. சங்கப் பாடலுக்குக் கேட்கவே வேண்டாம். திரைப்பாடல்தான் வேண்டுமென்றால் வரிகளை அச்சிடாமல், வானொலியில் எந்தப் பாடல் ஓடியது என்று சொல்லிவிட்டு நகருங்கள். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையாகிவிட்டதால் வந்தியத்தேவனை வைத்துப் புதுக்காதல் எழுதுவதை எவரும் தடுக்க முடியாது. ஆனாலும் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவதே முறை.

புது நூலைப் பற்றிய பகுதி

இது சுருக்கமாகவே இருக்கட்டும். நாயகி யார், அவளுக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்பதை மூன்று வாக்கியங்களுக்குள் அடக்குங்கள். இளையோர் நாவலாக இருந்தால் எந்த வயதினருக்கு என்பதையும் எழுதுங்கள். தமிழில் சிறார் இதழ்களிலிருந்து நேரே பெரியவர்களின் மாத நாவலுக்குத் தாவிய தலைமுறைகள்தான் அதிகம் என்பதால், நடுவில் இப்படியொரு வகை இருப்பதே பல பெற்றோருக்குப் புதிது. தற்கொலை, வன்முறை, பாலியல் அத்துமீறல் போன்றவை கதையில் இருந்தால் ஒரே வரியில் முன்கூட்டியே தெரிவியுங்கள். நாயகனே எதிர்மறைக் குணங்களோடு வரும் ஆன்டி ஹீரோ கதை என்றால் அப்படியே சொல்லிவிடுவது நல்லது. அதை விரும்பிப் படிப்பவர்களும் உண்டு, முதல் யூடியிலேயே (தொடரின் புதுப் பதிவிலேயே) ஓடிவிடுபவர்களும் உண்டு.

நூல் எங்கே கிடைக்கும் என்ற தகவலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கிண்டிலில் சொந்தமாக நூல் வெளியிடுவோருக்கான கே.டி.பி. செலக்ட் திட்டத்தில் சேர்த்த நூலின் மின்வடிவம் 90 நாள் அந்தத் தளத்தில் மட்டுமே இருக்க வேண்டும். அச்சு நூலுக்கு அந்தத் தடை இல்லை. வேறு இணையத் தளங்களில் தொடராக எழுதி முடித்த கதையை அங்கே விட்டுவைத்துக்கொண்டே இதில் சேர்ப்பது விதிமீறல். ஆகவே எந்தத் தேதியில் தொடர் நீக்கப்படும், எந்தத் தேதியில் மின்னூல் வரும் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிட்டால், பாதி படித்த வாசகர் உங்கள்மேல் கோபப்பட மாட்டார். அச்சில் வருவதற்கு நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் வேண்டும் என்றால் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் கட்டணமின்றிப் பெறலாம். இதற்கென்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மேடையில் பேசும்போது எழுதியதைப் படிக்க வேண்டாம். மூன்று ஆதர்சங்களில் ஒன்றை மட்டும் எடுத்து, அது நாவலின் எந்தக் காட்சியில் இருக்கிறது என்று சொல்லி, அந்தக் காட்சியின் ஒரு பக்கத்தைப் படியுங்கள். அரங்கில் நீங்கள் மதிக்கும் மூத்த எழுத்தாளர் அமர்ந்திருந்தால், “அம்மாவைப் பார்த்துத்தான் எழுத வந்தேன்” என்று சொல்லிக் காலில் விழுவதைவிட, அவர் நாவலில் உங்களை எழுத வைத்த ஓர் இடத்தைக் குறிப்பிடுங்கள். அவருக்கும் அதுதான் பிடிக்கும். “அடுத்த இவர்”, “சின்ன அவர்” என்று உங்களை எவராவது அறிமுகப்படுத்த முனைந்தால், நிகழ்ச்சிக்கு முன்பே மறுத்துவிடுங்கள். அந்தப் பட்டம் இருவருக்குமே நல்லதல்ல.

இந்தக் குறிப்பை நூலின் முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற கேள்விக்கு என் பதில், கதை முடிந்த பிறகு என்பதே. முன்னால் வைத்தால் வாசகர் ஒவ்வோர் அத்தியாயத்திலும் அந்த ஆதர்சத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். பழைய கதை ஒன்றின் மறுகூறலாக எழுதிய நாவலுக்கு மட்டும் மூலத்தின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் நீண்டால், பாட்டியைப் பற்றிய பத்தியை வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள்.