வெரோனிகா வோல்டேஜை முந்துவது எப்படி? லெகோ ரேசர்ஸ் புதிதாக ஆடுபவர்களுக்கு

1999-ல் வந்த லெகோ ரேசர்ஸ் என்ற கார் பந்தய கேமில் கேப்டன் ரெட்பியர்ட், கிங் கஹூகா, ஜிப்சி மாத் என்று சர்க்யூட்டுக்கு, அதாவது பந்தயத் தொடருக்கு, ஒரு சாம்பியன் உண்டு. கடைசியில் ராக்கெட் ரேசர். அவனை ஜெயித்ததோடு பலரும் கேமை மூடிவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கேமில் ரொம்பப் பிடித்த ஆள் வெரோனிகா வோல்டேஜ். அவளுக்கென்று சர்க்யூட் கிடையாது, நேரத்தை முறியடிக்க ஓட்டும் டைம் ரேஸில்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு தடத்திலும் அவளுடைய நேரத்தை முறியடித்தால் அவள் கார் பாகங்கள் நமக்குக் கிடைக்கும்.

முதலில் கன்ட்ரோலர்

கீபோர்டிலும் ஆடலாம். ஆனால் வளைவுகளில் கன்ட்ரோலர்தான் சுகம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே கம்ப்யூட்டரில் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கிப் பாருங்கள். முக்கியமாக, திசைப் பொத்தானின் இடது பக்கத்தை அழுத்திப் பிடித்துவிட்டு விடுங்கள். உடனே மேலே எழ வேண்டும். கொஞ்சம் ஒட்டினாலும் வேறு ஒன்று கேளுங்கள். கத்திரி வெயிலில் ஆடுகிறீர்கள் என்றால் பக்கத்தில் ஒரு துண்டு இருக்கட்டும், கட்டைவிரல் வியர்த்து வழுக்கும்.

காரும் தடங்களும்

கேமில் ஓட்டுநரையும் காரையும் நாமே கட்டலாம். தலைமுடி, முகம், உடை எல்லாம் தேர்ந்தெடுத்து லைசென்ஸ் படம்கூட எடுக்கலாம். அதில் ஆசை தீர நேரம் செலவழியுங்கள். காரை மட்டும் தாழ்வாகக் கட்டுங்கள். உயரமாக அடுக்கினால் முன்னால் இருக்கும் பாதை மறைகிறது.

அப்புறம் சர்க்யூட் ரேஸ் ஆடித் தடங்களைத் திறந்துகொள்ளுங்கள். கேமில் மொத்தம் 13 தடங்கள்.

அவள் பின்னாலேயே போங்கள்

சரி, இப்போது டைம் ரேஸ். இம்பீரியல் கிராண்ட் பிரி என்ற தடத்தில் தொடங்குங்கள். வெரோனிகா இங்கே நிழல் மாதிரியான கோஸ்ட் காராக வருவாள். அவளை மோதித் தள்ளவோ, ராக்கெட் விட்டு நிறுத்தவோ முடியாது. சர்க்யூட்டில் ஆயுதம் தரும் சிவப்புக் கட்டையை எடுத்துச் சுட்டே ஜெயித்துப் பழகியவர்கள் இங்கேதான் திணறுவார்கள். ஓட்டத் தெரிந்தால்தான் வழி. அதனால்தான் புதிதாக ஆடுபவர்களுக்கு இவளைவிட நல்ல வாத்தியார் இல்லை என்பேன்.

முதல் ஆட்டத்தில் முந்தவே நினைக்காதீர்கள். அவள் பின்னால் ஒட்டிக்கொண்டு, எந்த இடத்தில் திரும்பத் தொடங்குகிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள். 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 பந்தயத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: வளைவுக்கு முன் வெளி ஓரம், நடுவில் உள் ஓரம், வெளியே வரும்போது மறுபடி வெளி ஓரம். ஒரு வளைவை மட்டும் எடுத்துக்கொண்டு அது கைக்கு வரும்வரை ஓட்டுங்கள். அப்புறம் அடுத்தது.

இறுக்கமான வளைவுகளுக்கு ஸ்லைடு இருக்கிறது. திரும்பும்போது ஸ்லைடு பொத்தானைப் பிடித்தால் கார் பின்பக்கம் விலகிச் சட்டென்று திரும்பும். கார் நேராகும் முன்பே விட்டுவிடுங்கள். நீண்ட நேரம் பிடித்தால் எதிர்ச்சுவர்தான். லேசான வளைவில் ஸ்லைடு வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்திலும் நேரம் மிச்சம் பிடிக்கலாம். எண்ணிக்கை ஓடும்போது சரியான நொடியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டர்போ ஸ்டார்ட் கிடைக்கும். அது வரவில்லை என்றால் உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள், தயங்க வேண்டாம்.

ஒரு தடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மல்லுக்கட்டாமல் வேறு தடத்துக்குப் போய்விட்டு வாருங்கள். பாகங்கள் கைக்கு வந்ததும் அவள் காரை அப்படியே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு பிரித்து, உங்கள் காரில் எந்தத் துண்டு பொருந்துகிறது என்று பாருங்கள்.