குளிர் வருமுன் வீட்டில் விடும் தவறுகள்: முதலில் அந்த ஹோஸைக் கழற்றுங்கள்

கனடாவில், ஸ்காபரோவில் வீடு வாங்கிய பிறகு எனக்கு இது 18ஆவது குளிர்காலம். போன சனிக்கிழமை ஏஜாக்ஸில் அக்காவின் மகன் வாங்கியிருக்கும் புது வீட்டுக்குப் போனேன். எல்லா அறையையும் காட்டிவிட்டுப் பின்வளவுக்குக் கூட்டிப் போனான். நவம்பர் பாதி முடிந்துவிட்டது, தண்ணீர் ஹோஸ் இன்னும் சுவர்ப் பைப்பில் பூட்டியபடி புல்லில் கிடந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் பில்ரரை மாற்றுங்கள், கதவு இடுக்கை அடையுங்கள் என்று சொல்ல நான் தேவையில்லை. கடைக்காரரே சொல்வார். நான் பணம் கொடுத்துப் படித்தவை வேறு.

வெளிப் பைப்பில் ஹோஸை விட்டுவிடுவது

"மாமா, இது உறையாத பைப். பெட்டியிலேயே எழுதியிருந்தது" என்றான் மருமகன். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்தப் பைப்பின் கைபிடி வெளியே இருந்தாலும் தண்ணீரை அடைக்கும் வாசர் ஒரு சாண் உள்ளே, வீட்டின் சூடு படுகிற இடத்தில் இருக்கிறது. பைப்பை மூடியதும் அந்த ஒரு சாண் குழாயில் நிற்கும் தண்ணீர் வெளியே வடிந்துவிட வேண்டும். அதற்காகத்தான் அதைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சரித்துப் பூட்டுவார்கள். ஹோஸ் மாட்டியிருந்தால் வடிய வழியில்லை. உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடும், செப்புக் குழாய் அதைத் தாங்காது. ஹோஸைக் கழற்றிவிட்டு, இரண்டாகப் பிரிக்கும் இணைப்பையோ டைமரையோ மட்டும் விட்டுவைத்தாலும் இதே கதிதான்.

இதில் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது, குழாய் வெடித்தது அப்போது தெரியாது என்பதுதான். வெடிப்பு மூடிய வாசருக்கு வெளிப்பக்கம் இருப்பதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டும் ஒழுகாது. நான் மே மாதக் கடைசியில் மிளகாய்க் கன்று நட்டு, ஹோஸைப் போட்டு, ஆறுதலாக ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டேன். கன்றுக்குப் போனது பாதி. மீதி சுவருக்குள் இறங்கி, பேஸ்மென்றில் புதிதாகப் போட்ட கம்பளத்துக்குப் போனது. மகள் கீழே போய், "அப்பா, கால் நனைகிறது" என்று கத்திய பிறகுதான் தெரிந்தது. சுவரை வெட்டி, கம்பளத்தைக் கிழித்தெறிந்து, இரண்டு கிழமை இரவும் பகலும் விசிறி ஓடியது. அந்தப் பைப்பின் விலை 100 டொலருக்குள்தான்!

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்றில், வெளிப் பைப் இருக்கும் அதே பக்கச் சுவரோரம் கூரையைப் பாருங்கள், அந்தக் குழாய்க்கென்று ஒரு வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு வெளியே போய்ப் பைப்பைத் திறந்து வடிய விடுங்கள். வால்வின் பக்கத்தில் சின்ன மூடி இருந்தால், கீழே ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்து, மிச்சத் தண்ணீரையும் எடுத்துவிட்டு மூடுங்கள். பேஸ்மென்றை வாடகைக்கு விடத் திருத்தியவர்கள் அந்த வால்வைப் பலகை வைத்து அடைத்தே விட்டிருப்பார்கள். அப்படியென்றால் பலகையை வெட்டி ஒரு சின்னக் கதவு வையுங்கள். வெட்ட மனம் வராதுதான். எனக்கும் வரவில்லை, அதனால்தான் இந்தக் கதை.

டிசம்பரில் ஊருக்குப் போகும்போது ஹீற்றரை அணைப்பது

மூன்று கிழமை யாழ்ப்பாணம் போகிறோம், வெறும் வீட்டுக்கு எதற்குச் சூடு என்று தோன்றும். 15 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். வெளிச்சுவரோடு ஓடும் குசினிக் குழாய்தான் முதலில் உறையும். பிரதானத் தண்ணீர் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

அப்புறம் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். குளிர்காலத்தில் நாலு நாளுக்கு மேல் வீட்டில் ஆளில்லை என்றால் யாராவது தினமும் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து வடித்திருக்க வேண்டும் என்று பல பத்திரங்களில் இருக்கிறது. செய்யாவிட்டால் குழாய் உடைந்ததற்குப் பணம் தர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் திறப்பைக் கொடுத்து, வந்து போகும் நாட்களை எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

பக்கச் சுவரில் உள்ள வெள்ளைக் குழாய்களை மறப்பது

புது ஃபேர்னஸ்களின் காற்றும் புகையும் அந்த இரண்டு பிளாஸ்ரிக் குழாய்களால்தான் போய் வருகின்றன. வாசலில் தள்ளிய பனியை அவற்றின் மேல் குவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைபட்டால் ஃபேர்னஸ் நின்றுவிடும், அல்லது கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை. 2014 முதல் ஒன்ராறியோவில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் வைப்பது சட்டம். பற்றறியை மட்டும் கழற்றிவிட்டுத் தூங்காதீர்கள்.

மின்சாரம் போனால் பார்பிக்யூவை உள்ளே கொண்டுவருவது

வேண்டாம். அதே வாயுதான் அதிலும் வரும். கராஜிலும் வேண்டாம்.

விசிறி போடாமல் இடியப்பம் அவிப்பது

வெளியே சைபருக்குக் கீழே 20 பாகை இருக்கும்போது உள்ளே ஈரப்பதன் 30 சதவீதம் போதும். யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் அது கூடிவிட்டது என்று அர்த்தம். மாசியில் யன்னல் கட்டையில் கறுப்புப் பூஞ்சணம் நிற்கும். விசிறி சத்தம் போடுகிறது என்பார்கள், போடட்டும்.

கடும் குளிரில் உப்பை அள்ளிக் கொட்டுவது

சைபருக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது. மணல் போடுங்கள். இந்த வருடம் போட்ட கொங்கிறீற் என்றால் மணல் மட்டும்.

மருமகனின் ஹோஸைக் கழற்றியாகிவிட்டது. அதற்கு முன்பே இரண்டு இரவு உறைபனி விழுந்திருக்கிறது, எனவே ஏப்ரலில் நானே போய்த் திறப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் சந்தேகம் இருந்தால் ஹோஸ் மாட்டாமல் பைப்பைத் திறந்து வாயைப் பெருவிரலால் அழுத்துங்கள். விரலால் தண்ணீரை முழுவதுமாக நிறுத்த முடிந்தால், அது வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. உடனே மூடிவிட்டுக் கீழே ஓடுங்கள்.