எதிர்ப்புச் சக்தி: நம் ஊர்ப்பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பொது மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஒரே வேண்டுகோள் நாள்தோறும் காதில் விழும். சளியோடு வந்த பேரனை மடியில் இருத்திக்கொண்டு, "ஏனுங்கம்மிணி, பையனுக்கு எதிர்ப்புச் சக்தி ஏறராப்பல ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்று அம்மிச்சி ஒருவர் கேட்பார். கேட்பவரின் அன்பில் குறை ஒன்றுமில்லை. "ஏறுதல்" என்ற சொல்லில்தான் பிழை தொடங்குகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுவதுபோல ஏற்றவும் இறக்கவும் அது ஒற்றைப் பொருளல்ல. தன் உடல் எது, அயல் எது என்று பிரித்தறிந்து, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தாக்கி, வேலை முடிந்ததும் அடங்கிப்போகிற ஏற்பாடு அது. அடங்காமல் நின்றாலும், ஆளை மாற்றி அடித்தாலும் அதுவே நோயாகிவிடும். பள்ளிக்குச் செல்லத் தொடங்காத சிறுவனுக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. ஒவ்வொரு முறையும் அவன் உடல் இதுவரை காணாத ஒரு வைரஸைக் கண்டு பழகுகிறது. அதற்கு டானிக் தேவையில்லை.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்கள். இரத்தத்தில் ஏறக்குறைய ஒரு நாள் மட்டுமே வாழ்ந்து, கிருமியை விழுங்கித் தானும் சாகிற இவைதான் புண்ணில் சீழாகத் தெரிகின்றன. எண்ணிக்கை 13,000 என்று கண்டதும் புற்றுநோயோ என்று கலங்குவதும், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதும் ஒன்றுபோலத் தவறு. பெரும்பாலும் எங்கோ ஒரு தொற்று இருக்கிறது, அவ்வளவே. எஞ்சியவற்றில் பெரும்பங்கு நிணநீர் அணுக்கள். அவற்றுள் பி அணுக்கள், கிருமியைப் பற்றிக்கொண்டு முடக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளைச் செய்பவை. ஒரு பி அணு ஒரே ஒரு வடிவத்தைத்தான் அடையாளம் காணும், ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் மறக்காது. டி அணுக்கள் மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. சொந்த உடலையே தாக்கக்கூடியவை அங்கேயே களையெடுக்கப்படுகின்றன. அந்தக் களையெடுப்புக்குத் தப்பியவை பின்னாளில் அடங்காமல் போவதுதான் தன்னெதிர்ப்பு நோய்களுக்கு ஒரு காரணம்.

உடல் தானே செய்துகொள்ளும் ஆன்டிபாடியையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் ஆன்டிபாடியையும் ஒன்றாக எண்ணுவது அடுத்த தவறு, உயிரைப் பறிக்கக்கூடியது. வெறிநாய் கடித்து இரத்தம் வரும்படி காயம்பட்டால், காயத்தைச் சுற்றி ஓர் ஊசியும் கையில் ஓர் ஊசியும் போடுவார்கள். "ரெண்டு எதுக்குங்க, ஒண்ணு போதாதா?" என்று முதல் ஊசியின் வலிக்குப் பயந்து எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தடுப்பூசியைக் கண்டு உடல் தன் ஆன்டிபாடிகளைப் போதிய அளவில் செய்து முடிக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் வைரஸ் நரம்பில் நுழைந்துவிடாமல் காப்பது, காயத்திலேயே ஏற்றப்படும் ஆயத்த ஆன்டிபாடியான இம்யூனோகுளோபுலின்தான். இந்த இரண்டுக்கும் முன்பாகச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பக்கூடாது. நமக்கு மேலே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். நூறாண்டுக்கு மேலாக மருந்து இவ்வளவு அருகில் இருக்க, காப்பித்தூளால் ஒருவர் இறக்க நேர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

பாம்புக்கடி மருந்தும் இரவல் ஆன்டிபாடியே. குதிரையின் உடலில் உருவாகிற அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை முறிக்கும். சில வாரங்களில் உடலிலிருந்து நீங்கிவிடும். "போன வருசம் மஞ்சக்காட்டுல கடிச்சப்பவே ஊசி போட்டாச்சு" என்று இந்த ஆண்டுக் கடியை அலட்சியம் செய்வதற்கு அதில் இடமே இல்லை.

சீம்பால் விஷயத்தில் நம் மக்களுக்குத் தெரிந்த உண்மையையே அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்கு ஆன்டிபாடி போவதில்லை. ஆகவே பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்று தேறுவது கடினம். காங்கேயம் மாடு வளர்க்கிறவர்கள் கன்று எழுந்து நின்றதும் மடியில் முட்டவிடுவது இதனால்தான். மனிதத் தாயோ கருவின் கடைசி மூன்று மாதங்களில் ஐஜிஜி என்ற வகையைக் குழந்தையின் இரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறாள்; குடலின் உட்பரப்பைக் காக்கும் ஐஜிஏ வகையைச் சீம்பாலில் தருகிறாள். கன்றுக்கு இவ்வளவு கருத்தாகப் பார்க்கிற அதே வீட்டில், பிறந்த குழந்தைக்கு முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதையும், தெருவில் கழுதையை ஓட்டி வருகிறவரிடம் ஒரு சங்குப் பால் வாங்கிக் காய்ச்சாமல் ஊற்றுவதையும் இன்றும் காண்கிறேன். கழுதைப் பாலில் நம் ஊர்க் கிருமிகளுக்கென்று எந்த ஆயத்தமும் கிடையாது. கறந்த கையின் அழுக்கும் காய்ச்சாத பாலின் கிருமியும்தான் குழந்தைக்குச் சேரும்.

இனிச் சொல்லப்போவதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன்; எழுதாமல் விடவும் மனமில்லை. கொங்குப் பகுதியில் பெண் எடுக்கும்போது கூட்டம், அதாவது குலம், பார்க்கிறோம். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் திருமணம் இல்லை என்பது உறுதியான வழக்கம். அதிலிருந்து, "கூட்டம் வேற, அதனால ரத்தமும் வேறதானுங்க" என்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். கூட்டம் தந்தை வழியில் மட்டும் எண்ணப்படுவது. மரபணு இரு வழியிலும் வருவது. மாமன் மகள் வேறு கூட்டமாக இருந்தாலும், அவளுக்கும் அத்தை மகனுக்கும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். எட்டுத் தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியோடு இருக்கும் பொதுமையைவிட அது மிக அதிகம். பெரும்பாலான உறவுத் திருமணங்களில் பிறக்கும் குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் டி அணுவும் பி அணுவும் சரியாக உருவாகாத பிறவிக் குறைபாடுகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும்போதுதான் வெளிப்படும். உறவுக்குள் அந்தச் சேர்க்கைக்கு வாய்ப்புக் கூடுகிறது.

கருவுற்றிருந்த இளம்பெண் ஒருவர் ஒருமுறை காய்ச்சலுக்காக வந்தார். முதல் குழந்தையைப் பற்றிக் கேட்டபோது, ஐந்தாம் மாதத்தில் இறந்ததாகவும் தோஷம் என்று வீட்டில் சொன்னதாகவும் கூறினார். வாயில் வெள்ளைப் படலம் நீங்கவே இல்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, இருமுறை நிமோனியா, காசநோய்க்காகப் பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியின் இடத்தில் புண் ஆறாமல் அக்குளில் கட்டி பெரிதாகிக்கொண்டே போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்குக் கை நடுங்கியது. பி.சி.ஜி. என்பது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட நுண்ணுயிர். மற்றக் குழந்தைகளுக்கு அது காப்பு, டி அணு இல்லாத குழந்தையின் உடலெங்கும் அது பரவும். இரண்டாவது குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதி, பரிசோதனை முடியும்வரை உயிருள்ள தடுப்பூசிகளை நிறுத்திவைக்கச் சொன்னோம். அந்தப் பெண்குழந்தைக்குக் குறைபாடு இல்லை. தடுப்பூசிகள் சற்றுத் தாமதமாகப் போடப்பட்டன.

வீட்டில் முன்னொரு குழந்தை கைக்குழந்தைப் பருவத்தில் தொற்றால் இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறந்த அன்றே அதைச் சொல்லாமல் விடுவது பெருந்தவறு. அப்படி ஒன்றும் இல்லாத வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு பி.சி.ஜி. போடாமல் இருப்பது இன்னொரு பெருந்தவறு. பரிசோதனைச் சீட்டைப் பார்ப்பவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும்: நிணநீர் அணுக்கள் 2,000 என்றால் பெரியவருக்கு அது இயல்பான எண்ணிக்கை, பிறந்த குழந்தைக்கு 2,500-க்குக் கீழே போனாலே ஐயப்பட வேண்டும். பெரியவருக்கான எல்லையைக் குழந்தையின் சீட்டிலும் அச்சிட்டுவிட்டால் அந்த ஐயம் யாருக்கும் எழாது. மூன்றரை மாதத்துக்குள் கண்டுபிடித்து எலும்பு மஜ்ஜை மாற்றினால் இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

ஒவ்வாமையில், "போன தடவை கொட்டினப்ப ஒண்ணும் ஆகலீங்களே" என்ற நம்பிக்கையே ஆபத்து. குளவியின் முதல் கொட்டில் உடல் ஐஜிஈ என்ற ஆன்டிபாடியைச் செய்து வைத்துக்கொள்கிறது; அடுத்த கொட்டில்தான் அது வெடிக்கிறது. தென்னந்தோப்பில் கதண்டு என்னும் பெருங்குளவி கொட்டிய சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத் திணறலும் தலைச்சுற்றலும் வந்தால், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருக்கக்கூடாது. பார்த்தீனியம் செடியால் முகத்திலும் கழுத்திலும் வரும் கரப்பான் என்னும் தோல் அழற்சி இதற்கு முற்றிலும் வேறு. அது டி அணுக்களின் வேலை. ஓரிரு நாள் கழித்தே தோன்றும். அரிப்பு மாத்திரையால் ஆறாது. செடியை வெறுங்கையால் பிடுங்குவதையும் எரித்துப் புகையில் நிற்பதையும் விட வேண்டும்.

பரிசோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெங்குவுக்கு, வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனை முதல் ஐந்து நாளுக்குள். புதுத் தொற்றில் உடல் முதலில் செய்யும் ஐஜிஎம் ஆன்டிபாடிக்கான சோதனை ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகு. இரண்டாம் நாளில் ஐஜிஎம் இல்லை என்றதும் டெங்கு இல்லை என்று ஊருக்குக் கிளம்பிவிடக்கூடாது. ஒரே ஒரு விடால் சோதனையை நம்பி டைஃபாய்டு என்று முடிவு செய்வதும் கூடாது. பழைய தொற்றின் ஆன்டிபாடியும் அதில் தெரியும். சொந்த அணுக்களின் கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏஎன்ஏ சோதனை, இரத்தநீரை 160 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:160 அளவிலும் நலமாக உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு உண்டு என்று காட்டும் என்பதால், மூட்டிலோ தோலிலோ அறிகுறி ஏதுமில்லாதவர் அந்த ஒரு வரியைப் படித்து உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

எதிர்ப்புச் சக்தியைத் தொட்டித் தண்ணீர்போல ஏற்றும் எண்ணம் மிகுந்த தீங்கு செய்வது தன்னெதிர்ப்பு நோயாளிகளிடம்தான். பவானியில் ஜமக்காளம் நெய்யும் அம்மா ஒருவருக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க வராது, தறியில் உட்கார முடியாது. அவருடைய எதிர்ப்பு அணுக்கள் மூட்டின் உட்சவ்வையே பகையென்று தாக்கிக்கொண்டிருந்தன. உறவினர் ஒருவர், உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் இந்த நோய் என்று சொல்லி, பெயர் எழுதாத பொடி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். பத்து நாளில் வலி பறந்தது. ஆறு மாதத்தில் முகம் உப்பிச் சர்க்கரை ஏறியது. அப்படி விரைவாக வலி பறந்து முகமும் உப்பினால், பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனெனில் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் செய்ய மறந்திருக்கும். மருத்துவர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பிறகு அவருக்கு, அடங்காத எதிர்ப்பை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட் எழுதப்பட்டது. இந்த நோய்க்கு அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் சாப்பிடுகிற மாத்திரை. சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் இரத்தக் கொதிப்பு மாத்திரையோடு ஒரே டப்பாவில் போட்டுவிட்டதால், ஒன்பது நாள் தொடர்ந்து தினமும் விழுங்கிவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சி கூட இறங்காமல் வந்தபோது வெள்ளணுக்கள் 900. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து மீண்டார்.

அதற்குப் பிறகு இந்த மாத்திரையை எழுதும்போதெல்லாம், "உங்க ஊர்ச் சந்தை என்னைக்குங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கிழமையின் பெயரை மாத்திரை அட்டையின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். வாயில் புண் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் நேரே வரும்படியும் சொல்கிறேன். அந்த அம்மா இப்போது சந்தைக்குப் போய்வந்து, பையைத் திண்ணையில் வைத்த கையோடு அதைப் போட்டுக்கொள்கிறார். மறுநாள் ஃபோலிக் அமில மாத்திரை. மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை.